குளத்துக்குச் சொன்ன பொய்

வேதாரண்யம் இறால் பண்ணையில் வைரக்கண்ணுவின் வேலை, கிருமிகளிடம் பொய் சொல்வது. கூட்டம் சேர்ந்துவிட்டது என்று தெரிந்தால்தான் அவை ஒளிரும், இறாலையும் தாக்கும். கொஞ்சம் பேர்தான் இருக்கிறோம் என்று அவற்றை நம்பவைக்கும் மருந்தை, குளத்து நீரைச் சோதித்துக் கணக்குப் பெட்டி என்ற கருவி சொல்லும் அளவில் தினமும் ஊற்றுவார்.

குளக்கரைப் பந்தலில் மகள் இலக்கியாவுக்கு இரவு நிச்சயதார்த்தம். அன்று பார்த்து மழை. உறவினர் பலர் வரவில்லை, மின்சாரமும் போய்விட்டது.

"பந்தலே வெறிச்சோடிக் கெடக்குதுங்க. மாப்பிள்ளை வீட்டுல என்ன நெனப்பாங்க?" என்றாள் மனைவி தவமணி.

வைரக்கண்ணு கணக்கைத் திருப்பிப் போட்டார். அறுவடை முடிந்து இறால் இல்லாத குளத்தில், கூட்டம் சேர்ந்துவிட்டதாக நம்பவைக்கும் மருந்தை ஊற்றினார். குளம் முழுக்க நீலமாக ஒளிர்ந்தது.

"எத்தன கிருமி இருக்கும் சம்பந்தி?" ஒளிர்வது கிருமிகள் என்று கேட்டதும் மாப்பிள்ளையின் அப்பா வாய் பிளந்தார்.

"நம்மள மாதிரி கொஞ்சந்தான். ஊரே வந்திருச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருக்குதுங்க. வாங்க, தட்டு மாத்திக்கலாம்."