அகப்பை பிடித்த கை

கஞ்சி குழைந்து வந்த நேரத்தில், வெட்டுக்காட்டிலிருந்து பெண்கள் திரும்பும் பேச்சுச் சத்தம் கேட்டது.

அழகம்மா அடுப்பைத் தணித்துவிட்டு, மரக்கட்டையில் உட்கார்ந்திருந்த குழந்தைவேலுவைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான். கொடுத்த வாக்கை மீறமாட்டான் என்று அவளுக்கு நம்பிக்கை வந்தது.

தோட்டத்து எல்லைக்கு அப்பால், அந்தக் காட்டுக்குள் அவர்கள் வந்து தங்கி வெகு நாளாகிவிட்டது. ரப்பர் போதும், மரவள்ளி நடு என்று ஜப்பான்காரன் உத்தரவு போட்டிருந்தான். தோட்டத்து ஆண்களை அதற்கு முன்பே லாரியில் ஏற்றி, சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டான். மிஞ்சிய பெண்கள் அத்தாப்பு ஓலைக் கூரைக்குக் கீழே படுத்து, காடு வெட்டி, ஒரே பானையில் பொங்கிச் சாப்பிட்டார்கள்.

அந்தப் பானைக்கு உப்பு கிடையாது.

உப்பு கிடைக்காத காலம்தான். ஆனால் காரணம் அது இல்லை. புருஷன்மார் திரும்பும்வரை உப்பைத் தொடுவதில்லை என்று தோட்டத்து மாரியம்மனிடம் எல்லோரும் சேர்ந்து நேர்ந்துகொண்டிருந்தார்கள். விரதச் சாப்பாட்டைச் சுமங்கலி கைதான் ஆக்க வேண்டும். தாலி இழந்தவள் அகப்பையைத் தொட்டால் விரதம் கெட்டுவிடும், போனவர்களுக்கு ஆகாது. ஆத்தா அப்படிச் சொன்னாளா என்று யாரும் போய்க் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் யாருக்கு இருந்தது?

உப்பில்லாத கஞ்சியை உள்ளே இறங்கவைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அழகம்மாவுக்கு அந்தக் கைப்பக்குவம் இருந்தது. மரவள்ளியைக் கசப்புப் போக வேகவைத்துத் தண்ணீரை இறுத்துக் கொட்டுவாள். அதன் கொழுந்து இலையையே கீரையாக அரிந்து போடுவாள். கால் வீங்காமலிருக்க ஒரு கை தவிடு, நாக்குக்குச் சொரணை வர காட்டு மாங்காயும் ஊசிமிளகாயும். காசில்லாத சாப்பாடுதான். ஆனாலும் பக்கத்துக் கூடாரங்களில் ஆட்கள் சுருண்டு விழுந்தபோது, இவர்கள் எழுந்து நின்று கோடரி பிடித்தார்கள்.

மத்தியானம் குழந்தைவேலு வந்தபோது அவள் தனியாக இருந்தாள். அதே லாரியில் போனவன். கல்யாணமாகாதவன், காத்திருக்க ஆளில்லாதவன். எலும்பும் தோலுமாக, காலில் ஆறாத புண்ணோடு நின்றவனை அடையாளம் தெரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் கேட்டது தன் வீட்டுக்காரரைப் பற்றி மட்டும்தான்.

"ராமையா அண்ணன நான்தான் பொதச்சேன், அண்ணி."

அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். வாய்விட்டு அழ முடியாது. அழுதால் தெரிந்துவிடும். தெரிந்தால் அகப்பையைப் பிடுங்கிக்கொள்வார்கள். தனி மங்குக் கிண்ணம், தனிப் படுக்கை என்று ஒதுக்கிவிடுவார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொள்வாள். ஆனால் இத்தனை நாளும் தாலி இழந்தவள் கையால் சாப்பிட்டோமே என்று அத்தனை பேருக்கும் குலை நடுங்கிப்போகும். தன் ஆளுக்கு என்ன ஆயிற்றோ என்று ஒவ்வொருத்தியும் கஞ்சி இறங்காமல் காய்ந்தே சாவாள்.

"நல்லா இருக்காருன்னு சொல்லு, தம்பி. மத்தவங்களுக்கு நெசத்தத்தானே சொல்லப்போற. எனக்கு ஒருத்திக்குத்தானே பொய்?" என்று அவன் கையைப் பிடித்துக் கெஞ்சினாள்.

அவன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டான். பிறகு சரி என்றான்.

இப்போது பெண்கள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். கோடரிகளை எங்கே போட்டோம் என்று ஒருத்திக்கும் தெரியாது. காய்ச்சல்காரன் என்று தள்ளிவிட்டிருப்பார்கள், அதனால் முன்னால் வந்துவிட்டான், மற்றவர்கள் பின்னால் வருவார்கள் என்று அவர்களே முடிவுகட்டிக்கொண்டார்கள்.

கட்டியவன் பெயரைத் தன் வாயால் சொல்லக்கூடாது. அதனால் ஒருத்திக்காக இன்னொருத்திதான் கேட்க வேண்டும். வயதில் மூத்த மருதம்மாள், ஆக்கிப்போடுகிறவளுக்கு முதல் மரியாதை என்று ராமையாவைத்தான் முதலில் கேட்டாள்.

குழந்தைவேலு குனிந்து காலிலிருந்த புண்ணைத் தடவினான். "நல்லா இருக்காருக்கா. கொஞ்சம் எளச்சிட்டாரு, அவ்வளவுதான்."

"ஆத்தா!" என்று மருதம்மாள் அழகம்மாவைக் கட்டிக்கொண்டாள். அழகம்மா சிரித்தாள். தன்னால் சிரிக்க முடிந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை பேர் நடுவில் தான் மட்டும் தனியாகிவிட்டோம் என்று அந்தச் சிரிப்புக்குள்ளேயே அவளுக்கு உறைத்தது.

அடுத்து புஷ்பவள்ளியின் முறை. தாலிக்கயிற்றின் மஞ்சள் மங்கும் முன்பே புருஷனை லாரிக்குக் கொடுத்தவள். அவள் வெட்கப்பட்டுப் பின்னால் ஒளிந்துகொள்ள, அவளுக்காக மருதம்மாளே அய்யாவுவைக் கேட்டாள்.

குழந்தைவேலு குனிந்தான். புண்ணைத் தடவினான்.

"நல்லா இருக்காருக்கா. கொஞ்சம் எளச்சிட்டாரு, அவ்வளவுதான்."

பெண்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். வரட்டும், அழகம்மா ஆக்கிப்போட்டு ஊதவைத்துவிடுவாள் என்று ஒருத்தி கேலி செய்தாள். புஷ்பவள்ளி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

தனக்காகச் சொன்ன பொய்யின் அதே வார்த்தைகள் அழகம்மாவின் காதில் விழுந்தன. மத்தியானம் மற்றவர்களைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் அவளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

மருதம்மாளின் புருஷனைக் கேட்க யாரோ வாயைத் திறந்தார்கள்.

"போதும்லா, விடுங்க அவன! கஞ்சி ஆறுது. மொதல்ல சாப்பிடுங்க," என்று அழகம்மா இரைந்தாள்.

அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. ஆளுக்கொரு மங்குக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். சிரிப்பு மட்டும் அடங்கவில்லை.

அழகம்மா அகப்பையை எடுத்தாள். ஒவ்வொருத்திக்கும் ஊற்றிக்கொண்டு வந்தாள்.

"இன்னிக்கு ரொம்பப் பசிக்குதுக்கா," என்று புஷ்பவள்ளி கிண்ணத்தை நீட்டினாள்.

தன் பங்கையும் சேர்த்து அழகம்மா அதில் ஊற்றினாள்.