பக்கத்தில் நிற்க ஒரு ஆள்

"மருத்துவிச்சிக்குக் காப்புறுதி குடுக்குமாம். டூலாவுக்குக் குடுக்காதாம்" என்று சொல்லிப் போனை வைத்தான் தயாபரன்.

"பரவாயில்லை. அதை நான் பாத்துக்கொள்ளுறன்" என்றாள் அவன் மனைவி, நிறைமாதக் கோபிஷா.

"அப்பிடி என்னதான் செய்யிறவை இந்த டூலாமார்?"

"பிள்ளை பிறக்கேக்கை கூட இருந்து தெம்பு குடுப்பினம்."

"பக்கத்திலை சும்மா நிக்கிறதுக்கு ஒரு ஆளோ? காப்புறுதிக்காரன் விவரமானவன்தான்."

கோபிஷா தன் போனை எடுத்து டூலாவின் இலக்கத்தை அழுத்தினாள்.

மூத்தவள் பிறந்தபோது, பிரசவ அறைக்குள் போன வேகத்திலேயே வெளியே ஓடி வந்தவன் தயாபரன். வன்னிப் போரில் கண்ட ரத்தம் இன்னும் அவன் கண்ணை விட்டுப் போகவில்லை. அதைப் பற்றி இருவரும் கதைப்பதேயில்லை.

சுவிஸின் லோசான் நகர ஆஸ்பத்திரியில் கோபிஷாவுக்கு வலி கூடிய நேரம், டூலா தில்லைநாயகி வந்து சேர்ந்தாள். வந்தவள் சுவரோரமாய் நின்றுகொண்டாள்.

தயாபரன் மெல்லக் கதவுப்பக்கம் நகர்ந்தான்.

"நீங்கள் பாருங்கோ அக்கா. நான் ஒரு கோப்பி குடிச்சிட்டு வாறன்."

"கோப்பி பிறகு குடிக்கலாம் தம்பி. இவவின்ரை முதுகை ஒருக்கா அமத்திவிடுங்கோ. இன்னும் கொஞ்சம் கீழை. ஓம், அந்த இடம்தான்."

பிறகு ஈரத்துணியை அவனிடம் நீட்டினாள். தண்ணீரையும் அவனிடமே கொடுத்தாள்.

கோபிஷா கத்தியபோது அவன் ஒரு அடி பின்வாங்கினான். மறுபடி கதவைப் பார்த்தான்.

"அங்கை பாக்காதேங்கோ தம்பி. அவவின்ரை முகத்தைப் பாருங்கோ. நீங்களும் மூச்சை இழுத்து விடுங்கோ."

பார்த்தான். கோபிஷா அவன் விரல்களை நொறுக்கிவிடுவதுபோல் பிடித்தாள். அவன் கையை எடுக்கவில்லை.

மகன் வீரிட்டு அழுதபோது தயாபரனும் அழுதுகொண்டிருந்தான்.

தில்லைநாயகி விடைபெற்றுப் போனாள். பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி கட்டிலருகே உட்கார்ந்தான் தயாபரன். முகமெல்லாம் பெருமை.

"நான் அப்பவே சொன்னனானெல்லோ? முதுகு அமத்தினது நான். தண்ணி பருக்கினது நான். கையைப் பிடிச்சதும் நான். அந்த மனிசி உமக்கு என்னப்பா செய்தவ?"

கோபிஷா களைப்போடு சிரித்தாள்.

"எனக்கு ஒண்டும் செய்யவேண்டாம், இவரை மட்டும் வெளியிலை போகவிடாதேங்கோ எண்டு சொல்லித்தான் அக்காவைக் கூப்பிட்டனான்."