முகத்தில் மறையாத கிரீம்

"எவ்வளவு தேய்ச்சாலும் வெள்ளை போகாத கிரீமா குடுங்க."

அந்தப் பெண் கேட்டது இதே வார்த்தைகளில்தானா என்று இப்போது அடித்துச் சொல்ல முடியவில்லை. மருந்துச்சீட்டோடு அவளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். யார் முதலில் பேசினார்கள், யார் பிறகு என்பதெல்லாம் எனக்கு முன்பின்னாகத்தான் நினைவிருக்கிறது. கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தது மட்டும் தெளிவாக நிற்கிறது.

"எல்லாரும் வெள்ளை தெரியாததா கேப்பாங்கம்மா. நீங்க தலைகீழா கேக்கறீங்களே!"

"நாளைக்குக் கடற்கரைக்குப் போறோம். மூணு பேருக்கும் வேணும்."

மூன்று பேர் என்றால் அவள், பக்கத்தில் நின்ற கணவர், பத்து வயது மகள்.

கடைக்காரர் மேசைமேல் நான்கை எடுத்து வைத்தார். "இது ஸ்ப்ரே, அடிச்சா வேலை முடிஞ்சது. இது சாதாரண சன்ஸ்கிரீன், தோல்ல ஊறிடும். இது துத்தநாகம் கலந்தது. தோல் மேலேயே படலமா நிக்கும், குழந்தைங்களுக்கும் எரியாது. ஆனா வெள்ளையடிச்ச மாதிரி இருக்குன்னு பாதிப் பேர் திருப்பிக் கொண்டாந்துடறாங்க. அதுக்குன்னே நிறம் சேர்த்து இப்ப இது வந்திருக்கு. துத்தநாகம்தான், ஆனா பூசினதே தெரியாது."

"அது வேண்டாம், இதுதான்" என்று மூன்றாவதைத் தொட்டாள். "இதுல சாம்பிள் இருக்கா?"

இருந்தது. புறங்கையில் தடவித் தேய்த்தாள். வாசலுக்குப் போய் வெயிலில் கையை நீட்டினாள்.

"எதிர்ல அந்தக் கம்பம் வரைக்கும் போய்ப் பாரு. அம்மா கை தெரியுதா?"

மகள் தெருவைக் கடந்து ஓடினாள். "தெரியுதும்மா! பளிச்சுனு தெரியுது!"

கணவர் கடகடவென்று சிரித்தார். "பாத்தீங்களா சார், குடும்பத்தோட எங்களைக் கோமாளி ஆக்கப் பாக்கறா. கையில ஒரு சக்கரம் குடுத்தா சர்க்கஸுக்கே போயிடலாம்."

கடைக்காரரும் சிரித்தார். "அப்படி என்னம்மா, தூரத்துலருந்து தெரியணும்னு?"

அவள் மகளைத் திரும்பி வரச் சொல்லிக் கையசைத்தாள். கணவர்தான் பதில் சொன்னார்.

"போன வருஷம் இந்த வாலு கூட்டத்துல காணாமப் போயிட்டா சார். முழுசா ரெண்டு மணி நேரம். நான் நில அளவையில இருபது வருஷம் இருந்தவன். விடுவேனா? கரையை ஒரு மூலையிலருந்து அங்குலம் அங்குலமா அளந்துக்கிட்டே போனேன். கடைசியில படகு நிறுத்தற இடத்துல புடிச்சேன். கட்டிப்புடிச்சுக்கிட்டு ஒரே அழுகை."

"பயந்திருக்கும் குழந்தை."

"அழுதது நான் சார்!"

திரும்பி வந்திருந்த மகள், "சாரிப்பா" என்றாள். பல முறை சொல்லிப் பழகிய குரல்.

"சரி விடு, கண்ணு" என்று அவள் தலையைக் கலைத்துவிட்டார். "அதுலருந்து இவ அம்மா ஒரு பார்க்குக்குக்கூட வர மாட்டேங்கறா சார். நாளைக்கு என் பொறந்த நாள். கடலைப் பாத்தே ஆகணும்னு நான்தான் ஒத்தக் கால்ல நின்னேன். ஆமா, இது எத்தனை மணி நேரம் தாங்கும்?"

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பூசணும். தண்ணியில இறங்கி ஏறினா உடனே பூசணும். துண்டால துடைச்சாலும் அப்படித்தான்."

மனைவி அதைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அடிக்கும்படி மணியும் வைத்தாள். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னாள்:

"கூட்டிட்டுத்தான் போறேன். ஆனா இன்னொரு தடவை அப்படி ஆச்சுன்னா அதோட சரி. அப்புறம் வெளிய தெருவே கிடையாது. கதவைப் பூட்டிட்டு உக்காந்துக்க வேண்டியதுதான்."

கணவர் டியூபை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எத்தனை மணி நேரம் சார் தாங்கும்?"

"ரெண்டு மணி நேரம்ங்க" என்றாள் மனைவி, மெதுவாக.

"அப்பா, வாங்க. வெளிய தொப்பி தொங்குது, உங்களுக்கு ஒண்ணு பாக்கலாம்." மகள் அவர் கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்துப் போனாள்.

கடைக்காரர் இரண்டு டியூபைப் பையில் போட்டார். அவருக்கும் மகள் உண்டு போலிருக்கிறது. குரல் இளகியிருந்தது.

"கவலைப்படாதீங்கம்மா. பொண்ணு நெத்தியிலயும் கன்னத்துலயும் தாராளமா பூசி விடுங்க. எவ்வளவு கூட்டமா இருந்தாலும் கண்ணுல பட்டுடும். இந்தத் தடவை தொலைய மாட்டா."

அவள் வாசல் பக்கம் பார்த்தாள். வெளியே மகள் எம்பி நின்று அப்பாவுக்குத் தொப்பி வைத்துக்கொண்டிருந்தாள்.

"அவ தொலையலை சார். தேடினவ அவதான். படகுங்களுக்கு நடுவுல, கேட்டா தன் பேரைக்கூடச் சொல்லத் தெரியாம இவர் நின்னுக்கிட்டிருந்தார். தான் தேடிப்போனதாத்தான் இவருக்கு ஞாபகம். அப்படியே இருக்கட்டும்மான்னு அவ சொல்லிட்டா. இவருக்கு மட்டும் பூசினா ஏன்னு கேப்பார், அதான் மூணு பேருக்கும்."

மறுநாள் மூவரும் வெள்ளை முகத்தோடு கடற்கரைக்குப் போனார்கள் என்றும், பொழுது சாயுமுன் மூவருமாகவே வீடு திரும்பினார்கள் என்றும் அடுத்த வாரம் கடைக்காரர் சொன்னார்.