வெறும் நெற்றி

"அம்மா, என் பையில குங்குமம் வெச்சேளா?"

மாட்டுங்கா வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள் ஷ்ருதி.

கோபர்கைரனேயில், ஹார்ட் டிஸ்க் தகடுகளுக்கு மெல்லிய காந்தப் பூச்சு ஏற்றும் கம்பெனியில் அவளுக்கு வேலை. ஒரு துகள் விழுந்தாலும் பூச்சு பாழாகிவிடும். பொட்டு, பவுடர், பூ எதுவும் கூடாது என்பது மேனேஜரின் கண்டிப்பான உத்தரவு.

"வெறும் நெத்தியோட போறியேன்னு தெனமும் சொல்றேன், வாஸ்தவம். ஆனா வைக்கலைடி," என்றாள் மாமியார் ஷ்யாமளா.

"இன்னிக்கு மொத்த பேட்ச்சும் போச்சு. தகடெல்லாம் குங்குமத் துகளாம். அங்க நான் ஒருத்திதான் பொம்மனாட்டி. நாளைலேர்ந்து வர வேண்டாம்னுட்டார் மேனேஜர். உங்களைத் தவிர வேற யாரு வெச்சிருப்பா?"

ஷ்யாமளாவின் கண்கள் நிறைந்தன. "சுவாமி சத்தியமா நான் இல்லைடி."

அப்போது ஷ்ருதியின் போனில் ஆபீஸ் குரூப்பிலிருந்து படங்கள் வந்து விழுந்தன. நேற்று, தசரா லீவு அன்று, மேனேஜர் மட்டும் போய் நடத்திய பூஜை.

பூச்சு மெஷினின் கதவில் உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமம். பக்கத்தில் ஆரத்தித் தட்டுடன் செல்ஃபி எடுத்துக்கொண்ட மேனேஜர்.

ஷ்ருதி படத்தை மாமியாரிடம் நீட்டினாள்.

ஷ்யாமளா கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

"மெஷினுக்கு மட்டும் வெறும் நெத்தி ஆகாதாக்கும்."