மேகம் வேண்டியவள்

மரக்காணம் உப்பளத்தில் வெயிலை வெறுத்த ஒரே ஆள் அஞ்சலாட்சிதான். அவள் புருஷன் கலியமூர்த்தி கால்வாயில் ஓடும் சூரியப் படகில் காவலாளி. ஓட்ட ஆள் வேண்டாத படகு. வெயில் இருக்கும்வரை யாருக்காகவும் நிற்காது. தினமும் வீட்டு வாசலைத் தாண்டும்போது அவன் கையசைப்பான், இவளும் அசைப்பாள். இருட்டுவதற்குள் படகு எங்கோ போயிருக்கும்; ராத்திரியில் அதை விட்டுவிட்டு அவன் வர முடியாது. ஆறு மாதமாக அவ்வளவுதான் குடித்தனம்.

இன்று வானம் கறுத்தது. எல்லோரும் வைதுகொண்டே உப்பை மூட ஓட, அவள் வீட்டுக்கு ஓடினாள். படகு வாசலுக்கு நேரே கரையோரம் நின்றிருந்தது.

"இளைச்சிட்டீங்க" என்றாள்.

"நீ மட்டும் என்னவாம்? சோறு இருக்குதா?"

வாசலிலேயே உட்கார்ந்தான். மீன் குழம்பைப் பிசைந்து முதல் வாய் வைப்பதற்குள் தட்டில் வெயில் விழுந்தது. கிளம்பப்போவதாகப் படகு கூவியது. அவன் கையை உதறிக்கொண்டு எழுந்தான்.

"உக்காருங்க."

கொடியில் கிடந்த புடவைகளை உருவிக்கொண்டு போய்ப் படகின் கூரையில் ஏறி, வெயில் வாங்கும் தகடுகள் தெரியாமல் விரித்தாள். கூவல் அடங்கியது. காற்று தூக்கிவிடாமல் புடவைகளின்மேல் அவளே உட்கார்ந்துகொண்டாள்.

"மெதுவா சாப்பிடுங்க" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.