புது சீட் கவர்

ராஜபாளையத்தில் ரேடியேட்டரை நிரப்பிக் கிளம்பினாலும் பாண்டிதுரையின் பழைய கார் ஸ்ரீவில்லிபுத்தூர் வருவதற்குள் கொதித்து நின்றுவிடும். உள்ளே சொட்டுத் தண்ணீர் இருக்காது. மெக்கானிக் சீனிச்சாமி பிரித்துப் பார்த்தும் எங்கேயும் ஒழுகல் இல்லை.

போன சித்திரையில் இதே சாலையில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, பின்சீட்டில் கிடந்த அப்பா தண்ணீர் கேட்டுக்கொண்டே வந்தார். “புதுக் கவரு. நனைச்சிருவீங்க” என்று பாண்டிதுரை கொடுக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் மூச்சு நின்றது.

“இனி தண்ணி வேண்டாம்ணே, இந்தப் பச்சைக் கூலண்ட ஊத்துவோம்” என்றார் சீனிச்சாமி. “இனிக்கும், ஆனா வெசம். நாய் நக்கிராம பாத்துக்கோங்க.”

பாண்டிதுரை பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தான்.

“நெறைய ஊத்துங்க.”

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டியும் கார் கொதிக்கவில்லை. நிறுத்திப் பார்த்தான். கூலண்ட் ஒரு செம்பு அளவுதான் குறைந்திருந்தது. பின்சீட் கவர் முழுக்கப் பச்சையாக வாந்தி.

“அன்னைக்கே சொன்னேன்ல, நனைச்சிருவீங்கன்னு” என்றான்.