எந்தப் பக்கமும் கேட்காத படம்

அறையில் இருந்தவர்கள் மூவர்: தணிகாசலம், அவர் மனைவி அமிர்தவல்லி, குடும்பச் செயலியின் அளவைக் குறைக்க வந்த மலர்க்கொடி. செயலி போனையே அடைத்துக்கொள்கிறது என்று உறவினர்கள் குறைபட்டிருந்தார்கள். பயன்படாதவற்றை நீக்கிக்கொண்டே வந்தவள் ஒரு படத்தில் நின்றாள்.

“ஐயா, இந்த அக்கா படம் எந்தப் பக்கத்துலயும் வரல. ஆனா எல்லார் போன்லயும் போய் உக்காந்திருக்கு. எடுத்துரவா?”

கல்லூரி வாசலில் தணிகாசலமே எடுத்த மகளின் படம். அவள் சாதி விட்டு மணந்ததும், குடும்பப் பக்கத்திலிருந்து அவளை நீக்கச் சொன்னவரும் அவரே.

“அது எவ்வளவு இடம் அடைக்குதாம்?” என்றாள் அமிர்தவல்லி.

“கொஞ்சந்தாம்மா.”

“அப்பக் கெடக்கட்டும். மத்ததப் பாரும்மா,” என்றார் தணிகாசலம், நிமிர்ந்த முதுகு வளையாமல்.

படத்தை அவர் நீக்கவிடவில்லை என்பது எப்படியோ வெளியே போய், மகளைச் சேர்த்துக்கொண்டார் என்று உறவில் இப்போது ஒரு பேச்சு. அது பொய். செயலியில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அவள் இல்லை.